விடுதலைப் பத்திரத்தின் கடைசிப் பாரா

பாராட்டு விழாவில் எனக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தீர்கள். வேலையை விட்டவளுக்குக் கடிகாரம் எதற்கு என்று முதலில் யோசித்தேன். வாய்தா தேதியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் காலத்தை ஓட்டியவளுக்கு இனியாவது மணி பார்க்கத் தெரியட்டும் என்று நினைத்திருப்பீர்கள். மேடையில் பேசிய ஐந்து பேரும் என்னை முன்னோடி என்றார்கள். உத்திரமேரூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் பெண், சொத்து வழக்குகளில் பெண்களின் குரல், இன்னும் என்னென்னவோ. அவ்வளவு நல்லவள் யாரென்று நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது நம் வக்கீல் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்கிறீர்கள். புதிதாக வந்திருக்கும் ஜூனியர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஊக்கம் தரும்படியாக. ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. ஒரு தப்பு இருக்கிறது, நன்றாகப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். அதையே எழுதுகிறேன், படித்துவிட்டு ஊக்கம் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நான் வந்த புதிதில் சீனியரின் அறைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, வக்கீல் இல்லையா என்று கேட்பார்கள். நான் இருக்கிறேனே என்றால், பரவாயில்லை, அவர் வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். சட்டம் படித்த கையால் தண்ணீர் குடித்த பாக்கியம் இந்தத் தாலுகாவில் நிறையப் பேருக்கு உண்டு. சீனியர் கெட்டவர் இல்லை. ஒரு பெண்ணை ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள முன்வந்த ஒரே மனிதர் அவர்தான். அதை வாரத்துக்கு இரண்டு தடவை எனக்கு ஞாபகப்படுத்துவார், அவ்வளவுதான்.

நாலு வருஷம் இப்படிப் போன பிறகு எனக்கென்று ஒரு வேலை முளைத்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்பா செத்தால் பதினாறாம் நாள் கருமாதி. கட்டிக் கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டில் அன்றைக்குப் புதுப்புடவை. அதே தாம்பாளத்தில் மஞ்சள், வெற்றிலை, பாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேனா. அப்பா சொத்தில் எனக்குள்ள பங்கை அண்ணன் தம்பிக்கே விட்டுக் கொடுத்தேன் என்று எழுதிய விடுதலைப் பத்திரம் பக்கத்தில் இருக்கும். புடவையை எடுக்க வேண்டுமென்றால் பேனாவைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரைப் போன்ற சட்ட நிபுணரை நான் உயர்நீதிமன்றத்தில்கூடப் பார்த்ததில்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். சில சமயம் அந்தப் பெண் அழுதுவிடுவாள், அல்லது ஏதாவது கேட்டுவிடுவாள். வேட்டி கட்டிய வக்கீல்களுக்கு அந்த இடத்தில் கை கால் ஓடாது. பெண் வக்கீல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்துக் காட்டினால் காரியம் சுமுகமாக முடிகிறது என்று ஒரு வீட்டில் தெரிந்தது, பிறகு எல்லா வீட்டிலும் தெரிந்தது. பெண்களும் சட்டம் படிக்கலாம் என்று இந்த வட்டாரத்தின் ஆண்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டது அப்போதுதான். என்னை அழைத்துப்போகக் கார் வரும். நானும் பெருமையாகப் போய் ஏறிக்கொள்வேன்.

அந்தப் பத்திரங்களுக்காக நானே ஒரு வாக்கியம் செய்தேன். கடைசிப் பாராவில் வரும். 'மேற்படி விவரத்தில் கண்டதும், காணாமல் விட்டுப்போனதும், இனித் தெரியவருவதுமான சகல சொத்துகளிலும் எனக்குள்ள சகலவித பாத்தியதைகளையும் இதன்மூலம் விடுதலை செய்துகொடுத்துவிட்டேன்.' எப்படி இருக்கிறது? சீனியர் இதைப் படித்துவிட்டு, ஒரு எறும்புகூடத் தப்பிக்க முடியாதே என்றார். நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. அன்று வீட்டுக்குப் போய் அந்த வாக்கியத்தை என் அம்மாவுக்குக்கூடப் படித்துக் காட்டினேன்.

அப்படி ஒரு கருமாதிக்குத்தான், உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு ஏரிக்கரை ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் காப்பி கொடுக்கிற வீடுகள் இரண்டு இருக்கின்றன. மகன் ஏகாம்பரம், மகள் லோகநாயகி, அவ்வளவுதான் குடும்பம். லோகநாயகியைப் புள்ளலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டே வருஷத்தில் புருஷன் போய்விட, பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, ஏரிக்குக் கீழே தன் மஞ்சக்காணியில் ஒரு குடிசை போட்டு, அதில் நெல் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

டவுனில் வளர்ந்த ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சக்காணி என்பது கல்யாணத்தின்போது, மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று மகளுக்கு ஒதுக்கித் தரும் துண்டு நிலம். வாய்வார்த்தையில்தான் தருவார்கள். பெற்ற மகளுக்குக் கொடுப்பதற்குப் பத்திரமா என்று ரோஷம். பட்டா அப்பா பெயரிலேயே இருக்கும், விளைச்சல் மட்டும் மகளுக்கு. லோகநாயகியின் நிலம் முப்பது சென்ட். வேறு ஜீவனம் அவருக்குக் கிடையாது.

நான் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்ச் சேரவேண்டும் என்று ஏகாம்பரம் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். வெளியே வேன் உறுமிக்கொண்டிருந்தது. லோகநாயகி அழவில்லை. தாம்பாளத்தைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என் மஞ்சக்காணி இதுல வராதில்லம்மா?"

சொத்து விவரம் இருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சர்வே நம்பர் அதில் இல்லை. "அந்த நம்பர் இதுல இல்லைம்மா, பயப்படாதீங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். என் வாக்கியம் அடுத்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் திருப்பவேயில்லை. சொந்தச் சரக்கை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நம்பர் அதில் இல்லைதான். மஞ்சக்காணி என்றால் எந்த நிலம், பட்டா யார் பெயரில், எழுத்து ஏதாவது உண்டா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் சீனியர் எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார், அநாவசியமாகக் கேள்வி கேட்காதே என்று. கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் டிராஃப்டை மாற்றவேண்டியிருக்கும்.

மூன்று வருஷம் கழித்து, அதற்குள் நான் தனியாகப் போட்டிருந்த அறைக்கு ஏகாம்பரம் மைசூர்பாகு பெட்டியோடு வந்தார். ஏரிக்குக் கீழே இருக்கும் நிலத்தை மனை போட ஒரு தரகர் கேட்கிறாராம். அந்தத் தரகர் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, தங்கச்சியின் மஞ்சக்காணியும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம். நான் எழுதிய பத்திரங்களில் ஒன்றை முழுசாகப் படித்த ஒரே வாசகர் அந்தத் தரகர்தான். கல்கால் நட்டுக் கம்பி கட்டியாயிற்று, தங்கச்சி கோர்ட்டுக்குப் போனால் நீங்களே ஆஜராகவேண்டும் என்றார்.

"உன் வார்த்ததாம்மா எனுக்கு அந்த நெலத்த வாங்கிக் குடுத்தது" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார். முகத்தில் அவ்வளவு நன்றி. அவருக்குத் தங்கை மேல் கோபம் ஒன்றும் இல்லை. சட்டமே கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல அவர் யார்? பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சர்க்கரை வியாதி என்று சொல்லி. அந்த வயதில் எனக்குச் சர்க்கரை இல்லை.

அந்த வாரமே லோகநாயகி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குடிசை கம்பிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது என்று சொன்னார். நடவு நேரம், உள்ளே போகவிடவில்லை என்றும் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் உன்ன கேட்டனா இல்லியா?" என்றார். அவ்வளவுதான்.

கேட்டீர்கள் என்றேன். தொழிலுக்கு வந்த பிறகு எத்தனையோ பேர் எனக்கு அவமானம் உண்டாக்கியிருக்கிறார்கள். எனக்கு நானே உண்டாக்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். என் முன்னால் நல்ல நல்ல வழிகள் இருந்தன. படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டாய், என் பொறுப்பு முடிந்தது என்று சொல்லலாம். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. ஏகாம்பரத்துக்கு ஆஜராகலாம், ஜெயிப்பதும் நிச்சயம். இருவருக்கும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம், அதைக் கண்ணியம் என்பார்கள். நான் எழுதிய பத்திரத்தை எதிர்த்து நானே லோகநாயகிக்கு வக்கீலாக நிற்க முடியாது. ஆனால் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியும். லோகநாயகியை இன்னொரு வக்கீலிடம் அனுப்பிவிட்டு, சாட்சிப் பட்டியலில் என் பெயரைப் போடச் சொன்னேன்.

செய்தி சீனியருக்குப் போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உன் டிராஃப்டை நீயே குறை சொன்னால் நாளைக்கு எவன் உன்னிடம் வருவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு ஏகாம்பரத்தின் வக்காலத்தை அவரே வாங்கிக்கொண்டார். ஜூனியரைச் சேர்த்துக்கொண்டவர் என்ற முறையில் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் தனக்கே என்று நினைத்திருப்பார்.

வழக்கு விசாரணைக்கு வர மூன்று வருஷம் ஆனது. அதுவரை பயிர் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று கோர்ட் உத்தரவு போட்டிருந்தது, அதனால் லோகநாயகி கம்பிக்குள்ளேயே நாற்று நட்டுக்கொண்டிருந்தார். நான் கூண்டில் ஏறிய அன்று வேலையில்லாத வக்கீல்கள் எல்லாம் வந்திருந்தார்கள், அதாவது எல்லா வக்கீல்களும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்று சீனியர் ஆட்சேபித்தார். ஏகாம்பரம் என்னிடம் சொன்னது எதையும் நான் சொல்லப்போவதில்லை, அவர் தங்கையிடம் நான் சொன்னதைத்தான் சொல்லப்போகிறேன் என்றேன். நீதிபதி அனுமதித்தார்.

சீனியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார். "இந்தக் கடைசிப் பாரா நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"அர்த்தம் தெரிஞ்சு எழுதினீங்களா, தெரியாம எழுதினீங்களா?"

அழகான கேள்வி. தெரிந்து என்றால் நான் மோசக்காரி, தெரியாமல் என்றால் முட்டாள். எதைச் சொன்னாலும் மறுநாளிலிருந்து என் அறைக்குக் கூட்டம் குறையும். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வி முறைதான் அது.

"தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன். "அந்தம்மா தன் நிலம் இதுல வருமான்னு கேட்டாங்க. நான் நம்பரைப் பார்த்துட்டு வராதுன்னு சொன்னேன். என் வாக்கியத்தைப் பார்க்கலை. வராதுன்னு நான் சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டாங்க."

சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தீர்ப்பில், தவறாகச் சொல்லப்பட்டதை நம்பிக் கையெழுத்திட்டதால் மஞ்சக்காணி அந்தப் பத்திரத்தில் அடங்காது என்று எழுதியிருந்தது. தவறாகச் சொன்னவர் பெயரும் எழுதியிருந்தது, முழுப் பெயர், இன்ஷியலோடு. அப்பீல் வரைக்கும் போய் எல்லாம் முடிய ஏழு வருஷம். ஏகாம்பரம் கல்கால்களைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் மாட்டுக்கொட்டகைக்கு நட்டுக்கொண்டார்.

சீனியர் சொன்னபடியே ஆயிற்று. கூண்டில் ஏறிய பிறகு எட்டு மாதம் என்னிடம் ஒருவரும் வரவில்லை. விடுதலைப் பத்திரக் கார்கள் வேறு வீதிக்குத் திரும்பிவிட்டன. நான் பழைய தீர்ப்புகளைப் படித்தேன், மேஜையைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். பிறகு ஒரு பெண் வந்தாள், தாமலிலிருந்து. அப்புறம் அவள் நாத்தனார். கோர்ட்டில் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்ட ஒரு வக்கீலம்மா இருக்கிறாளாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மேடையில் நீங்கள் சொன்ன பெண்களின் குரல், முன்னோடி எல்லாம் இங்கேதான் ஆரம்பம். இருக்கிற கட்சிக்காரர்களையெல்லாம் இழந்த பிறகு மிச்சமாகும் பதவிக்கு மரியாதையான பெயர் அது.

சரி, ஓய்வில் என்ன செய்கிறீர்கள் என்று விழாவில் பலர் கேட்டீர்கள். யோகா வகுப்பில் சேர்ந்தேன். கண்ணை மூடி எதையும் நினைக்காமல் இருங்கள் என்றார் அந்தப் பெண், எனக்குப் பட்டா நம்பர்களாக வந்தன. மூன்றாம் நாள் நின்றுவிட்டேன். கொல்லையில் வெண்டைக்காய் போட்டேன். விளைந்ததில் பாதி பூச்சிக்கு, மீதி பக்கத்து வீட்டுக்கு. அப்படி இருக்கும்போதுதான், விழா முடிந்த பத்தாம் நாள், லோகநாயகி போன் செய்தார். ஏகாம்பரம் போய்விட்டார், கருமாதிக்கு வா என்றார்.

அதே வீடு. ஓடு போய்த் தளம் வந்திருக்கிறது, மற்றபடி மாற்றமில்லை. கூடத்தில் தாம்பாளம், புடவை, மஞ்சள், வெற்றிலை. மேலே பேனா, இப்போது ஜெல் பேனா. ஏகாம்பரத்தின் மகள் தேவி உட்கார்ந்திருந்தாள். அண்ணன்காரன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். இன்னொன்றும் தெரியவந்தது. ஏழு வருஷம் கோர்ட்டில் அலைந்த ஏகாம்பரம், தன் மகளுக்கும் ஒரு மஞ்சக்காணி கொடுத்திருந்தார். வாய்வார்த்தையில். பெற்ற மகளுக்குப் பத்திரமா?

பத்திரத்தைப் படித்துக் காட்ட உங்களில் ஒருவர் வந்திருந்தார், ஒரு பெண். பெயர் சொல்லமாட்டேன். விழாவில் என் சால்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர். என்னை அங்கே பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் சங்கடம், ஆனாலும் நன்றாகப் படித்தார். நான் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். கடைசிப் பாராவுக்கு வரும்போது அவர் வேகமாக, மூச்சுவிடாமல் படித்துத் தள்ளிவிட்டார். எனக்கும் காது மந்தம். தேவி பேனாவைப் பார்த்தபடி, என் மஞ்சக்காணி இதில் வருமா என்று கேட்டாள். அந்த ஜூனியர் பக்கத்தைத் திருப்பிச் சொத்து விவரத்தைப் பார்த்தார். அந்த நம்பர் இதில் இல்லைங்க, கவலைப்படாதீங்க என்றார்.

நான் எழுந்திருக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள், சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த லோகநாயகி பேசிவிட்டார்.

"நெம்பர வுடும்மா. அந்தக் கடசி பாராவ படி. நிறுத்தி நிறுத்திப் படி."

அண்ணன்காரன் நேரமாகிறது அத்தை என்றான். ராகு காலம் நாளைக்கும் வரும், குந்து என்றார். ஜூனியர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கண்டதும், காணாமல் விட்டுப்போனதும், இனித் தெரியவருவதுமான. ஒரு எழுத்து மாறாமல் என் வாக்கியம். படித்து முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார், பிறகு தேவியைப் பார்த்தார், பிறகு அந்தப் பாராவை ஒரே கோடாகக் குறுக்கே அடித்தார். புதிதாக டைப் அடித்துக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று பையை எடுத்தார். அதே கையோடு தேவியின் மஞ்சக்காணிக்கும் ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு வா என்றார் லோகநாயகி. அண்ணன்காரன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

வாசலில் ஜூனியரைப் பிடித்து, அந்த வரி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். எல்லோரும் போடுவதுதான் மேடம், கோர்ட் எதிரே டைப் அடிக்கும் கடையில் மாடல் இருக்கிறது என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பின் பெயர் 'மேடம் மாடல்'. எந்த மேடம் என்று கடைப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ரொம்ப ராசியான மாடல், கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றாள். பக்கத்துக் கடையிலும் இருந்தது, பஸ் நிலையத்து ஜெராக்ஸ் கடையிலும் இருந்தது. எனக்குச் சிலை வைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் வருத்தத்தை விடலாம். இப்போது நான் கடை கடையாகப் போய் அந்தப் பாராவை அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழிக்கிறேன் என்பார்கள். நான் படி இறங்கியதும் அடுத்தவருக்கு அடித்துக் கொடுப்பார்கள். ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு கேட்டீர்களே, இதுதான். உங்கள் கடிகாரம் உதவியாக இருக்கிறது, கடை திறக்கிற நேரம் தெரிகிறது.

அந்தக் கருமாதி நாளுக்குத் திரும்புகிறேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு லோகநாயகி எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி நான் நெலத்தப் பத்திதான் கேட்டுக்கினு இருந்தேன். பத்திரத்தப் பத்திக் கேட்டிருக்கணும். எனுக்கு அப்ப தெரியாம பூட்ச்சி" என்றார்.

இத்தனை வருஷமாக அது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கூண்டில் ஏறி நீதிபதியிடம் சொன்னேன், தீர்ப்பில் ஏறியது, ஊர் முழுக்கப் பேசிற்று. அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு எனக்கு நேரம் இருக்கவில்லையாம்.

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் தப்பாச் சொன்னேன். என்னை மன்னிச்சுக்கணும்" என்றேன்.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது தெரியும். காப்பி ஆறிக்கினு கீது, குடி."